வீட்டுக் கணக்கும் அபாயச் சங்கும்

(மல்லாங்கிணற்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



அறக்கட்டளையினர் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். இலக்கியத்தையோ வரலாற்றையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வெடிமருந்தோடு வாழும் மாவட்டம் இந்த விருதுநகர். கோடையில் கொதித்து, ஐப்பசி கார்த்திகையில் திடீரென வெள்ளக்காடாகவும் மாறக்கூடிய தென்தமிழகம் இது. இங்கே வந்து பேசும்போது, உயிரோடு தொடர்புள்ள ஒன்றைப் பேசுவதே முறை என்று தோன்றியது. ஆகவே அரசு நம்மிடம் திரட்ட வேண்டிய இரண்டு வகைத் தகவல்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, நாம் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறோம் என்பது. மற்றொன்று, ஆபத்து நேரத்தில் நமக்குச் செய்தி எப்படி வந்து சேரும் என்பது.

நான் சொல்ல வந்தது ஒன்றே. வீட்டைப் பற்றிய கணக்கும் எச்சரிக்கையைப் பற்றிய கணக்கும் ஒரே தாளில் சேர வேண்டும். அந்தத் தாள் மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்தால் போதாது, ஆபத்து வரும் தெருவுக்கே திரும்பி வர வேண்டும். மக்களிடம் கேட்டு வாங்கிய தகவலை மக்களிடம் திருப்பித் தருவது சலுகை அல்ல, கேட்டவரின் கடமை. இதை ஆறு கருத்துகளாக விரிக்கிறேன்.

1. கணக்குக்குப் பஞ்சமில்லை

இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கத் தொடங்கியது 1881இல். 2011 கணக்கெடுப்புக்கு முன்னோடியாக 2010இல் வீட்டுப்பட்டியல் எடுத்தபோது ஒவ்வொரு வீட்டிலும் 35 கேள்விகள் கேட்டார்கள். தரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, வீடு நல்ல நிலையில் இருக்கிறதா, வாழத்தக்க நிலையில் இருக்கிறதா, சிதிலமா என்று கேட்டார்கள். அதே படிவத்தில் வானொலி உண்டா, தொலைக்காட்சி உண்டா, தொலைபேசியோ கைப்பேசியோ உண்டா என்றும் கேட்டார்கள். 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டுள்ள அடுத்த கணக்கெடுப்புக்கும் வீட்டுப்பட்டியலே முதற்கட்டம்.

அதற்கு மேலும் நம் மாவட்டம் தனியாக அளக்கப்படுகிறது. 2018இல் ஒன்றிய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டே மாவட்டங்கள்: இராமநாதபுரமும் விருதுநகரும். 49 குறியீடுகள் அங்கே அளக்கப்படுகின்றன. மின்இணைப்பு பெற்ற வீடுகள், கழிப்பறை உள்ள வீடுகள், இணைய இணைப்புப் பெற்ற ஊராட்சிகள் எல்லாம் அவற்றில் அடக்கம்.

மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்துக்காகக் குடிசைகளைக் கணக்கெடுத்தது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வீட்டுக்கு 360 சதுர அடி. 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு பொருளில் கூரை. கூரையும் தீயும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதை அரசாணை எழுதியவர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு கீற்றுக் கூரை 94 குழந்தைகளைப் பலிகொண்ட பிறகு தமிழ்நாட்டில் அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, நம்மைப் பற்றி அரசுக்குத் தெரியாதது குறைவு. ஆனால் இத்தனை படிவங்களிலும் நான் தேடும் மூன்று கேள்விகள் இல்லை. ஆபத்து வருகிறது என்றால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? எந்த வழியாகச் சொல்வார்கள்? சொன்னதும் நீங்கள் எங்கே போவீர்கள்?

2. கூரையை அறியாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கை

வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல முடிவு. வெயில் கடுமையாகும் நாட்களில் கைப்பேசிக்கு வரும் அறிவுரை நமக்கெல்லாம் தெரியும்: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்ல வேண்டாம், வீட்டுக்குள் இருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதத்து நடுப்பகலில் அந்த ஷீட்டுக்குக் கீழே நிற்பதைவிட வேப்பமரத்து நிழலில் உட்காருவது மேல் என்று அவருக்குத் தெரியும். அப்படித்தான் அவர் உட்காருகிறார். அரசின் செய்தி அவரை வீட்டுக்குள் போகச் சொல்கிறது. செய்தியில் பிழையில்லை. அது கான்கிரீட் வீட்டில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, அவ்வளவுதான். எந்த வார்டில் ஷீட் வீடுகள் மிகுதி என்ற கணக்கு, எச்சரிக்கை எழுதுபவரின் மேசைக்கு வந்திருந்தால், பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ பகலில் திறந்து வைக்கிறோம், அங்கே வாருங்கள் என்று அந்தத் தெருவுக்கு ஒரு செய்தி போயிருக்கும்.

மழைக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் பட்டபாட்டை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்ற வாதம் அப்போது நீண்ட நாள் நடந்தது. அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை. முன்னறிவிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தாழ்வான தெரு எது, மண்சுவர் வீடு எது, மாடி உள்ள வீடு எது என்ற அறிவோடு அது சேராவிட்டால் மக்கள் இரவில் எந்தப் பக்கம் நகர்வது என்று முடிவெடுக்க முடியாது. அந்த அறிவு ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. எழுதி வைத்த தாளாக இல்லை.

3. கைப்பேசி இருப்பது வேறு, செய்தி சேர்வது வேறு

2023இல் செல் பிராட்காஸ்ட் முறையை மாநிலம் மாநிலமாகச் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் அக்டோபரில் நம் கைப்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறின. யாருடைய எண்ணும் தேவைப்படாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் செய்தி போய்ச் சேரும் முறை அது. ஒலியை அடக்கி வைத்திருந்தாலும் ஓசை எழும். அருமையான கருவி, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நம் வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளியின் காலைப் பொழுதைப் பாருங்கள். ஆலை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வாசலில் தீப்பெட்டி, பீடி, கைப்பேசி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்து இருக்கும் இடத்தில் கைப்பேசி கூடாது என்பது சரியான பாதுகாப்பு விதி. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தால் அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வருகிற பெண்களும் உண்டு. வீட்டுப்பட்டியலில் இந்தக் குடும்பத்துக்கு எதிரே கைப்பேசி உண்டு என்று பதிவாகியிருக்கும். ஆனால் பகல் முழுக்க, அவர் உயிருக்கு மிக அதிக ஆபத்து இருக்கும் நேரத்தில், எந்த எச்சரிக்கையும் அந்த வழியாக அவரைச் சேராது.

அவருக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை இடியைப் பற்றியது. இடி மின்னல் வரும்போது வேலையை நிறுத்திவிட்டு மருந்து அறைகளிலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும் என்று வெடிபொருள் விதிகளே சொல்கின்றன. வானம் கறுத்துவிட்டதா என்று போர்மேன் அண்ணாந்து பார்த்து முடிவெடுக்கிற நிலை மாற வேண்டும். இடி எச்சரிக்கை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆலை வாசலுக்கு வந்து, அங்கிருந்து சங்காக ஒலித்தால்தான் அது முழுமையான தகவல் தொடர்பு. ஒவ்வோர் ஆலையிலும் சங்கு இருக்கிறதா, கடைசி அறை வரை கேட்கிறதா, அதை ஊதும் பொறுப்பு யாருடையது? இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பழைய கருவி என்று ஒலிபெருக்கியைத் தள்ளிவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவ கிராமத்தில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் அங்கே இருந்தது. அலையின் உயரம், காற்று நிலவரம் ஆகியவற்றை நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். இளைஞர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டை நோக்கி ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். தினமும் நம்பிக் கேட்ட குரல் என்பதால் அந்த ஒரு நாளும் நம்பினார்கள். பூட்டிய கதவை உடைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

4. கோப்பில் இருந்தது, ஊரில் இல்லை

இப்போது நம் மாவட்டத்துத் துயரத்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். புகையைப் பார்த்ததும் உதவி செய்யவும், என்ன ஏது என்று பார்க்கவும் சுற்று ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்து நடந்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள்.

எந்த அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எந்த அறைக்கும் எந்த அறைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், சேமிப்புக் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒவ்வோர் ஆலையின் உரிமக் கோப்பிலும் வரைபடத்தோடு இருக்கும். உரிமம் வழங்கும் அலுவலகத்தை வைத்து நம் பக்கம் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று வகையாகச் சொல்வார்கள். மூன்றுக்கும் கோப்பு உண்டு. அந்தக் கோப்பில் இருந்த ஒரே ஒரு செய்தி, இந்தக் கல்லைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்ற செய்தி, பக்கத்து ஊர் இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

பட்டாசு சிவகாசிக்கும் சாத்தூருக்கும்தானே, நமக்கென்ன என்று மல்லாங்கிணற்றுக்காரர்கள் இருந்துவிட முடியாது. 2024 மே 1 அன்று இதே காரியாபட்டி வட்டத்தில், ஆவியூர் அருகே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். கிடங்கு இருப்பது அரசுக்குத் தெரியும். அது வெடித்தால் எவ்வளவு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் வகுக்கச் சொல்கிறது. எந்தப் பகுதி எந்தப் பேரிடருக்கு ஆளாகக்கூடியது என்று அதில் எழுத வேண்டும். திட்டத்தின் படிகளை மாவட்டத்தில் உள்ள அரசுத் துறைகளுக்குத் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தெருவுக்குத் தர வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டம் சொல்லாததால் செய்யக் கூடாது என்பதில்லை. அதே 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிடும் பொறுப்பை அரசு அலுவலகங்களுக்குத் தந்திருக்கிறது. மாவட்டத் திட்டத்தில் நம் ஊர் வரும் பக்கத்தைப் பேரூராட்சிச் சுவரில் எழுத அது போதும்.

5. அச்சம் இருக்கும் இடத்தில் உண்மை வராது

இந்தப் பேச்சில் கசப்பான பகுதி இது. பட்டாசுக்கான திரி சில வீடுகளில் உரிமமில்லாமல் தயாராகிறது. கருந்திரி பதுக்கியவர் கைது என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அடுப்பு எரியும் வீட்டில், பிள்ளைகள் தூங்கும் அறையில், கருந்திரிக் கட்டு இருக்கிறது. வறுமைதான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் அதன் அபாயம் பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்தே இடிக்கும்.

வீட்டுப்பட்டியலில் கட்டடத்தின் பயன்பாடு என்று ஒரு கேள்வி உண்டு. குடியிருப்பு, குடியிருப்போடு வேறு பயன்பாடு, கடை, பட்டறை என்று குறிக்கலாம். கருந்திரி இருக்கும் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? வெறும் குடியிருப்பு என்றுதான் சொல்வார். உண்மை சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சுகிறார். இதனால் எந்த வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் வண்டி எப்படி அணுக வேண்டும் என்பது தீயணைப்பு வீரருக்குத் தெரியாமலே போகிறது. உரிமமில்லாத தொழிலை நான் நியாயப்படுத்தவில்லை. தண்டிப்பதற்கான விசாரணையும் காப்பாற்றுவதற்கான கணக்கெடுப்பும் ஒரே ஆள் கையில், ஒரே நோட்டில் இருக்கக் கூடாது என்கிறேன்.

இதற்கு நம் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவு. தனி வீட்டைப் பற்றிய கணக்கெடுப்புப் பதிவை யாரும் பார்வையிட முடியாது. அதைச் சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்கவும் முடியாது. அந்த உறுதிமொழியால்தான் மக்கள் கதவைத் திறக்கிறார்கள். பாதுகாப்புக் கணக்கெடுப்புக்கும் அதே உறுதிமொழி வேண்டும். எந்தத் தெருவில் அபாயம் கூடுதல் என்பது மட்டும் வெளியே வரட்டும். யார் வீடு என்பது வெளியே வர வேண்டாம். கூடவே, கருந்திரியை விட்டுவிட்டு வருபவருக்கு மாற்று வேலைக்கான வழியைக் காட்டும் பணியாளர் ஒருவர் கணக்கெடுப்பவரோடு வரட்டும். அப்போது உண்மை தானாக வரும்.

6. கேட்பவருக்கும் வரம்பு உண்டு

அமெரிக்காவில் 1980இல் இயற்றி 1995இல் திருத்திய ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே ஒன்றிய அரசுத் துறை ஒன்று பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே கேள்விகளைக் கேட்க நினைத்தால், முதலில் அரசிதழில் அறிவித்து 60 நாட்கள் பொதுமக்கள் கருத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு இன்னும் 30 நாட்கள். ஏன் கேட்கிறோம், எதற்குப் பயன்படுத்துவோம், பதில் சொல்ல ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். ஒப்புதல் எண் அச்சிடாத படிவத்துக்குப் பதில் தராதவரைத் தண்டிக்க முடியாது. அதே நாட்டின் வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் 2013இலும் 2017இலும் பேரிடர் ஆயத்தம் பற்றிய கேள்விகளையும் சேர்த்தார்கள். வீட்டின் நிலையையும் அவசர காலத்துக்கான ஏற்பாட்டையும் ஒரே கணக்கெடுப்பில் கேட்க முடியும் என்பதற்கு அது சான்று.

அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே பெயர்த்து நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடிமகனின் நேரத்துக்கும் மரியாதை உண்டு என்ற அதன் நெறி நமக்கு வேண்டும். கூலி வேலைக்குப் போக வேண்டிய ஒரு தாய், அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பவருக்குப் பதில் சொல்கிறார். அந்தப் பதில் என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் வந்து சொல்வதில்லை. 2011 கணக்கெடுப்பின் வீட்டு விவரங்கள் வார்டு அளவு வரை விழுக்காடாக வெளியாயின; ஆனால் அவை இணையத்தில் விரிதாள்களாகத்தான் கிடக்கின்றன. அந்தத் தாய்க்கு அது கிடைத்ததாகச் சொல்ல முடியுமா?

நிறைவாக, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மல்லாங்கிணறு பேரூராட்சி. உங்களுக்குக் கிராம சபை இல்லை. ஆனால் பகுதி சபா உண்டு. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் அது நடக்கிறது. அடுத்த பகுதி சபாவில் ஒவ்வொரு வார்டும் தனக்கென ஒரு தாளைத் தயாரிக்கட்டும். அதில் ஐந்தே செய்திகள் போதும்.

கூரை வீடு, ஓட்டு வீடு, ஷீட் வீடு, கான்கிரீட் வீடு எத்தனை. தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க இயலாதவர்கள் எத்தனை பேர், அவர்களை அழைத்து வரும் பொறுப்பு யாருக்கு. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் உள்ள ஒலிபெருக்கிகள் எங்கே, மின்சாரம் இல்லாவிட்டால் அவை ஓடுமா, சாவி யாரிடம். வெயிலுக்கும் மழைக்கும் திறந்துவிட வேண்டிய கட்டடம் எது. அருகில் வெடிபொருள் கிடங்கோ ஆலையோ இருந்தால் எந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. தாளின் கீழே 112, 108, 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைப் பெரிதாக எழுதுங்கள். ஆட்களின் பெயர்கள் தன்னார்வலர் கையில் மட்டும் இருக்கட்டும். எண்ணிக்கை சுவரில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, அதைத் திருத்துங்கள்.

மாணவர்களே, இதில் பெரும்பாலான வேலையை நீங்களே செய்ய முடியும். உங்கள் தெருவை உங்களைவிட நன்றாக அறிந்த அலுவலர் யாரும் இல்லை. மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள்: இந்தத் தாள்களை வாங்கிக் கோப்பில் வைத்துவிடாதீர்கள்; ஆலை உரிமக் கோப்பில் உள்ள பாதுகாப்புத் தூரங்களை இவற்றோடு சேர்த்து ஊருக்கே திருப்பி அனுப்புங்கள். கணக்கெடுக்க வருபவரிடம் ஊர்க்காரர்கள் இனி ஒரு கேள்வி கேட்கட்டும்: இதை எப்போது எங்களுக்குத் திருப்பித் தருவீர்கள்? அந்தக் கேள்விக்குத் தேதியோடு பதில் வாங்காமல் விடாதீர்கள்.